லயத்துக் கணக்கு: சப்ரகமுவைத் தோட்டங்களில் கொடையும் சேமிப்பும் சிக்கனமும்

தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற பேச்சு மிகப் பழையது. துரைமார் சொன்னார்கள், தொழிற்சங்க மேடைகளில் சொன்னார்கள், நிதி அறிவூட்டல் வகுப்பு நடத்த வருகிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தீபாவளிக்குக் கடன், சடங்குக்குக் கடன், மிச்சம் சாராயக் கடைக்கு என்று அந்தக் குற்றச்சாட்டு நீளும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஒரு குடும்பம் காசை எப்படிப் புழங்குகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. இந்த மக்கள் கொடுக்கிறார்கள், சேர்க்கிறார்கள், மிகச் சிக்கனமாகவும் வாழ்கிறார்கள். காசு கைக்கு வருகிற காலமும் தேவை வருகிற காலமும் பொருந்தாமல் கிடப்பதுதான் அவர்களுடைய கஷ்டம். அந்தப் பொருத்தக்கேட்டுக்கான விலையைத்தான் வட்டியாகக் கட்டி வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் சம்பளத் துண்டைப் பார்க்க வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதைத் தோட்டத்தில் எத்தனை ‘பேர்’ என்று சொல்வார்கள். கொழுந்து நிறுத்தும்போது சொன்ன கிலோ வரவில்லையென்றால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை எடுத்த கொழுந்துக்குக் கைக்காசு. இவை வரவு. அடுத்த பக்கம் பிடிப்புகள்: ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, கோயில் பணம், மரண உதவிப் பணம், மாத நடுவில் வாங்கிய முற்பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத்தூள், சில இடங்களில் சலவைக்கும் சவரத்துக்குமான காசு, வங்கிக் கடன் இருந்தால் அதுவும். ஆக, கொடையும் சேமிப்பும் கடனும் சம்பளம் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பாதியைத் தோட்டத்து ஆபீஸ் எழுதிவிடுகிறது. மீதிப் பாதியை எழுதுகிற பெண்ணிடம்தான் நாம் சிக்கனம் பேசப் போகிறோம்.

இந்த வரிசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. தோட்டத்துக்கு வந்த மூத்த தலைமுறை முதலில் சந்தித்த பண ஏற்பாடே கடன்தான். தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம், கப்பற்செலவு, வழிச் சாப்பாடு எல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறின. ஒருவர் தோட்டம் மாறவேண்டுமானால் அந்தப் பற்றுத் தொகையை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். தொழிலாளி எவ்வளவு உழைத்தாலும் கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் போகுமே தவிரத் தீராது. 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்று நாட்கூலி நிர்ணயமானது. தோட்டம் தந்த அரிசியின் விலையும் அந்தக் கூலியில்தான் கழிந்தது.

சேமிப்பு வெகு காலம் கழித்தே வந்தது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958, ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டம் 1980, பணிக்கொடைச் சட்டம் 1983. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி 1984இல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. வீட்டுக் கணக்கைப் பார்க்கிறவள் தன் சம்பளத்தை எண்ணிப் பார்க்காமலே கணக்குப் பார்த்த காலம் அது.

சப்ரகமுவைக்கு இன்னொரு காயமும் இருக்கிறது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் இவை. 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் 1983 ஜூலையிலும் நடந்த வன்முறைகளில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் அடிபட்டார்கள், லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு போயின. பெட்டியில் இருந்த காசும் பட்டியில் இருந்த மாடும் அழிந்த இடத்தில் கழுத்திலும் காதிலும் இருந்ததுதான் மிஞ்சியது. நகை வாங்குவதை ஆடம்பரம் என்று கண்டிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓடும்போது கூடவே வருகிற சேமிப்பு வேறு எது?

இனி வருமானத்தின் போக்கு. நுவரெலியாவைப் பற்றி எழுதுவதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இரத்தினபுரிப் பக்கங்களில் இறப்பர் பெரும் பங்கு. இறப்பர்ப் பால்வெட்டு வானத்தை நம்பிய வேலை. விடியுமுன் மரத்துக்குப் போக வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டையில் பாலோடு தண்ணீரும் சேர்ந்து கெடும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் வெட்டு நாட்கள் குறையும். பெப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது பாலும் குறையும். குடும்பச் செலவு இந்தக் கணக்கில் ஓடுவதில்லை. சனவரியில் பாடசாலை தொடங்கும். சப்பாத்து, கொப்பி, பை எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். தைப்பொங்கலும் அதே மாதம். ஏப்ரலில் புதுவருடம், ஆடியில் கோயில் பூசை, ஐப்பசியில் தீபாவளி. மரம் பால் கொடுக்காத மாதத்துக்கு முந்தின மாதம் வீடு கூடுதலாகச் செலவழிக்கிறது. மாத வருமானத்தைப் பத்தாகப் பிரித்து ஒரு பங்கைச் சேமிக்கச் சொல்லும் நகரத்துப் புத்தி இங்கே பயன்படாததற்குக் காரணம் இதுதான். மாதத்துக்கு மாதம் மாறுகிற வரவைப் பத்தாகப் பிரிக்க இயலாது. நல்ல மாதத்தில் எடுத்து வைத்து மோசமான மாதத்துக்குக் கொடுக்கிற ஏற்பாடுதான் வேண்டும்.

சிக்கனத்தைப் பற்றி இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு எதுவும் இல்லை. கீழ்நாட்டுத் தோட்டத்தில் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் உண்டு. பலாக்காய் பருவத்தில் பொலஸ் கறி, முற்றியதும் அவித்த சுளை, பழுத்ததும் பழம், அதன்பின் கொட்டை. கொட்டையை மணலில் புதைத்து வைத்து மழைக் காலத்தில் எடுத்துக் குழம்பு வைக்கிறார்கள். காய்ந்த இறப்பர்க் கிளை அடுப்புக்கு. காலையில் கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும். மலைக்கும் அதுவே கட்டிக்கொண்டு போகிறார்கள். சாயத்தண்ணிக்குச் சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கிற பழக்கத்தில் எவ்வளவு சீனி மிச்சம் என்று ஒரு வீட்டுக்காரிக்குக் கிராம் கணக்கில் தெரியும். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசியும் தமிழ் வீடுகளில் பழைய வழக்கம். பக்கத்துச் சிங்களக் கிராமத்து மகளிர் சங்கங்களும் இதே முறையை மிட்டி ஹால் என்று வைத்திருக்கின்றன.

இதற்கு மேலும் சாப்பாட்டில் சிக்கனம் பிடிக்கச் சொல்வது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். தோட்டத் துறையில் 46,865 ரூபாய். அதே ஆய்வில் நாட்டு மக்களில் 14.3 வீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, தோட்டத்தில் 33.8 வீதம். தோட்டக் குடும்பத்தின் செலவில் ஏறத்தாழப் பாதி சாப்பாட்டுக்கே போகிறது. அப்படிப் போயும் 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் இது 17. குழந்தையின் முட்டையிலும் பாலிலும் மிச்சம் பிடித்த காசு சேமிப்பாகாது. பிற்காலத்தில் அந்தக் குழந்தையின் உடம்பும் படிப்பும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். 2022இன் நெருக்கடியில் இது இன்னும் கொடுமையானது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ரொட்டியை நம்பியிருந்த லயங்களில் மாவு விலை ஏறியபோது ஒரு வேளையை விட்டவர்கள் உண்டு. விட்டது பெரும்பாலும் தாய்மார்.

சிக்கனம் பிடிக்கவேண்டிய இடம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது. சம்பளத்தன்று சாராயத்துக்கும், கிடைக்காத இடங்களில் கசிப்புக்கும் போகிற காசு. இதைச் சொன்னால் தொழிலாளியை இழிவுபடுத்துவதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இதை அதிகம் சொல்கிறவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. பிரச்சினை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனால் ஒரு வீட்டில் அது இருக்கும்வரை மேலே சொன்ன பலாக்கொட்டைச் சிக்கனமெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். இரத்தினபுரிப் பக்கத்தில் இன்னொரு இழுப்பும் உண்டு, மாணிக்கக் குழி. தோட்டத்து இளைஞர்கள் குழியில் இறங்கிச் சாப்பாட்டுக்கும் பங்குக்கும் வேலை செய்கிறார்கள். கல் கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் சாப்பாடு மட்டும். ஒரு நல்ல கல்லின் கதை பத்து வருடம் ஊரில் உலவும்; கல் கிடைக்காத குழிகளுக்குக் கதை இல்லை. நிரந்தரப் பேரை விட்டுவிட்டுக் குழியை நம்பிய குடும்பத்துக்குச் சேமலாப நிதியும் நின்றுபோகும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கொடைக்கு வருவோம். தோட்டத்தில் கொடுப்பது மூன்று வழிகளில் போகிறது: கோயிலுக்கு, கல்யாணம் சடங்குக்கு, சாவுக்கு. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல.

சாவுக்குக் கொடுப்பதுதான் என் கண்ணில் தோட்டம் கண்டுபிடித்த ஆகச் சிறந்த பண ஏற்பாடு. மரணாதார சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சிறு மாதத் தொகை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குக் காசு, முற்றத்தில் தகரப் பந்தல், கதிரைகள், தேத்தண்ணிக்குச் சீனியும் தூளும், குழி வெட்ட ஆட்கள். அழுகிற வீட்டுக்காரர் கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ போய் நிற்க வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய கடன் இப்படி இல்லாமற் போயிருக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது. எடுக்காத கடனை யாரும் எண்ணுவதில்லை. இங்கே கொடுப்பதும் சேமிப்பதும் ஒரே காசு. நான் இன்று உன் வீட்டுச் சாவுக்குக் கொடுக்கிறேன், அதே கையால் என் வீட்டுக்கும் காப்புறுதி கட்டிக்கொள்கிறேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வீட்டுத் துன்பத்தை ஐம்பது வீடு தாங்கும். ஐம்பது வீட்டுக்கும் ஒரே நாளில் துன்பம் வந்தால் தாங்குவார் இல்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்து லயம் மண்ணுக்குள் போனது. 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரி மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. இவற்றுக்கு முன்னால் தோட்டத்துச் சங்கத்தின் பெட்டிக் காசு எம்மாத்திரம்? தோட்டத்துக்குத் தோட்டம் சங்கங்கள் கைகோத்து, மாதத் தொகையில் ஒரு சிறு பங்கை மாவட்ட அளவில் பொதுவாக வைத்தால் இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளலாம். இதை அரசு செய்ய வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தலைவர்மார் உட்கார்ந்து பேசினால் போதும்.

மொய் வேறு கதை. பூப்புனித நீராட்டு விழாவிலும் கல்யாணத்திலும் கொப்பியில் பெயரும் தொகையும் எழுதப்படும். அந்தக் கொப்பியை வீட்டுக்காரர் அடையாள அட்டையைப்போலப் பத்திரமாக வைத்திருப்பார். ஒருவர் வீட்டு விசேஷம் வரும்போது கொப்பியைப் பார்த்து, அவர் எழுதியதற்கு மேலே கொஞ்சம் கூட்டி எழுதுவது முறை. வட்டி என்று யாரும் சொல்லாத வட்டி அது. மொய் வருகிற குடும்பத்துக்கு ஒரே நாளில் பெருந்தொகை கிடைக்கிறது. இந்த அளவில் அது நல்ல சேமிப்பு. பிள்ளை இல்லாதவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்து முடித்தவர்கள், விதவைகள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது திரும்புவதில்லை. எட்டு, பத்து வருடம் கழித்துத் திரும்பும் ஆயிரம் ரூபாயை 2022இன் விலைவாசி பாதிக்கு மேல் தின்றுவிட்டது என்பதும் உண்மை. இதற்கெல்லாம் மேலே, மொய்யை நம்பி விழாவைப் பெரிதாக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. மண்டபம், வீடியோ, வாசலில் ஆளுயரப் படம். வருகிற மொய் விழாச் செலவுக்குப் பற்றாமல், விழா முடிந்த மாதமே நகை அடகுக்குப் போகிறது. கோயில் திருவிழாவிலும் இந்தப் போக்கு தெரிகிறது: பக்கத்துத் தோட்டத்துத் தேரைவிட நம் தேர் உயரமாக வேண்டும் என்ற போட்டி. கோயில் வரி என்று வீட்டுக்கு இவ்வளவு என எழுதும்போது, வேலை இல்லாத வீட்டையும் அதே வரிசையில் எழுதுவது தர்மம் ஆகாது. சில தோட்டங்களில் பேர் போடுகிறவர் எத்தனை என்று பார்த்து வரி வைக்கிறார்கள். அதுதான் நியாயம்.

சேமிப்பில் பெண்கள் நம்புவது சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டால் ஒருவருக்கு 20,000. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டோ பேசியோ தீர்த்துக்கொள்கிறார்கள். சம்பளத்துக்கு மறுநாள் மாலை லயத்து வாசலில் சீட்டுக்காரி கொப்பியோடு உட்கார்ந்திருப்பாள். “எனக்கு இந்த மாசம் வேணாம் யக்கா, தை மாசத்துக்குத் தள்ளிப் போடுங்க, சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது” என்று ஒருத்தி கேட்பாள். “அப்ப ஒன் எடத்துல செல்விக்குக் குடுக்கிறேன், அவ புருசன் ஆசுபத்திரில கெடக்கான்” என்று பதில் வரும். இந்த இரண்டு வாக்கியத்தில் எந்த வங்கியும் செய்யாத ஒரு வேலை நடந்துவிட்டது. பால் குறைகிற மாதமும் பாடசாலை திறக்கிற மாதமும் கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டன. ஒருவருக்கு எப்போது எது தேவை என்பது அந்த லயத்துக்கே தெரியும். சீட்டுக்கு வட்டி இல்லை, படிவம் இல்லை, சிங்களத்தில் எழுதிய கடிதம் இல்லை. கட்டாமல் விட்டால் மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் முகம் பார்க்க முடியாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு.

ஏலச்சீட்டு அவ்வளவு சாதுவானதல்ல. தேவை முற்றியவர் பெருங்கழிவுக்குச் சீட்டைத் தள்ளி எடுப்பார். அந்தக் கழிவு மற்றவர்களுக்கு லாபம். கஷ்டப்பட்டவரின் கஷ்டத்திலிருந்து கஷ்டப்படாதவர் சம்பாதிக்கிற ஏற்பாடு அது. தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்து சீட்டு நடத்துகிறவர் ஒரு நாள் காணாமற் போவதும் நடக்கிறது. பத்துப் பதினைந்து பேருக்குள், ஒரே தோட்டத்துக்குள், எல்லோர் கையிலும் தனித்தனிக் கொப்பியோடு, குலுக்கல் அல்லது தேவை முறையில் நடத்தும் சீட்டையே நான் பரிந்துரைப்பேன். தொகை பெருத்து ஆட்கள் பெருகினால் அந்த முகதாட்சண்யக் கட்டுப்பாடு அறுந்துவிடும்.

நகை அடகைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மக்கள் வங்கியும் இலங்கை வங்கியும் அடகு பிடிக்கின்றன. தனியார் கடைகளைவிட அங்கே வட்டி குறைவு, நகை பத்திரம். அடகு வைப்பதை அவமானமாகக் கருதி இரகசியமாகக் கூடிய வட்டிக்குத் தனியாரிடம் போகிறவர்கள் உண்டு. அந்த இரகசியத்துக்குக் கொடுக்கிற விலை அதிகம். மீட்கும் தவணைக்குக் காசு இல்லாமல் வட்டியை மட்டும் கட்டி வருடக்கணக்கில் புதுப்பிக்கிறவர்கள், நகையின் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்டுவிடுவது பல வேளைகளில் லாபம்.

நுண்கடனில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. வாரா வாரம் லயத்துக்கு வருகிற, குழுவாகப் பெண்களைச் சேர்த்துக் கொடுக்கிற கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வாரத் தவணை என்பதே பொருந்தாத சட்டை. அதற்கு மேல் வட்டியைச் சொல்லும் முறை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 28 வீதம் என்று சொல்லி, 14,000 ரூபாய் வட்டியைக் கூட்டி, 64,000 ரூபாயை 52 வாரத்தில் வாங்கினால் வாரம் சுமார் 1,231 ரூபாய். கேட்க 28 வீதம். ஆனால் வாரா வாரம் முதல் குறைந்துகொண்டே வர, முழு 50,000க்கும் வருடம் முழுக்க வட்டி வாங்குவதால், உண்மையில் கட்டுவது வருடத்துக்கு ஏறத்தாழ 50 வீதம். இந்தக் கணக்கை ஒவ்வொரு மாதர் சங்கத்திலும் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி நுண்கடன் வட்டிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அதே ஆண்டு அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. வறட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டங்களுக்கு மட்டும். மழை நாட்டில் இருக்கிற சப்ரகமுவை அதில் இல்லை. பால்வெட்டுகிறவருக்குத் தொடர் மழையும் வறட்சிதான் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் மனதை உறுத்துகிற ஒரு விஷயம் வருகிறது. இலங்கையில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவு இயக்கம், அதாவது சணச, 1978இல் மறுபிறப்பெடுத்தது கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்தில்தான். பி. ஏ. கிரிவந்தெனிய அங்கே தூங்கிக்கிடந்த சங்கத்தை எழுப்பி நாடு முழுக்க வலையாக்கினார். உறுப்பினர் சிறுகச் சேமிப்பது, அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கடன், வட்டி மறுபடி சங்கத்துக்கே வருவது. நுண்கடனுக்கு நேர் எதிரான அமைப்பு. அது பிறந்த மாவட்டத்திலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்த லயங்களில் அது வேர்பிடிக்கவில்லை. காரணங்கள் ஊகிக்கக் கடினமானவை அல்ல. சங்கம் கிராமத்தின் சங்கம். தோட்டம் கிராமத்தின் பகுதியாகக் கணக்கில் இல்லை. கூட்டம், கொப்பி, ரசீது எல்லாம் சிங்களத்தில். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்கள் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை குடியுரிமை முழுமையாகத் தீரவில்லை. அடையாள அட்டை இல்லாதவருக்கு எந்தச் சங்கம், எந்த வங்கி? 1995இல் சமுர்த்தி நிவாரணத் திட்டம் வந்தபோதும் மாதச் சம்பளம் உள்ளவர்கள் என்று தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியே நிறுத்தப்பட்டன. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுதான் வங்கிக் கணக்கைப் பல லயங்களுக்குக் கொண்டு வந்தது. கணக்கு இருக்கிறது, அதில் விழுகிற காசை அன்றே எடுக்கிறார்கள். லயத்துச் சீட்டும் சணசவும் ஒரே எண்ணத்தின் இரண்டு உருவங்கள். பத்துச் சீட்டுகள் சேர்ந்து தமிழில் கொப்பி எழுதும் ஒரு சிக்கனச் சங்கமாவதற்குச் சட்டத்தில் இன்று தடை இல்லை. கேகாலையில் அது நடக்காவிட்டால் வேறெங்கே நடக்கும்?

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பான சேமலாப நிதி. 2024 செப்டம்பரில் நாட்கூலி 1,350 ரூபாய் என்றானது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு 200 ரூபாய் கொடுப்பனவும் சேர்ப்பதாக அறிவித்தார்கள். 1,350 ரூபாயையே வைத்து 20 பேர் போட்ட மாதத்தைப் பார்ப்போம்: 27,000 ரூபாய். தொழிலாளி பங்கு 8 வீதம், 2,160. கம்பனி பங்கு 12 வீதம், 3,240. மாதம் 5,400 ரூபாய் சேமலாப நிதிக்கு. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 810. இதற்கு வெளியே பணிக்கொடை: ஐந்து வருடம் முடித்த நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். சேமிக்கத் தெரியாதவர் என்று பேரெடுத்த ஒருத்தி மாதம் ஆறாயிரத்துக்கு மேல் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நகரத்தில் தனியார் கடையில் வேலை செய்யும் பலருக்கு இது இல்லை. கொழும்புக்கும் சீதாவாக்கை ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிற பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கையில் எவ்வளவு என்பதற்கு முன்னால், சேமலாப நிதி கட்டுவீர்களா என்பது.

இந்தச் சேமலாப நிதிப் பணம் பெண்ணுக்கு 50 வயதில், ஆணுக்கு 55 வயதில் மொத்தமாக வருகிறது. முப்பது வருடம் தொடாத பணம் முப்பது நாளில் போய்விடுவதைப் பல வீடுகளில் காணலாம். மகளின் கல்யாணம், மகனுக்கு ஓட்டோ, பழைய கடன், சொந்தக்காரர் கேட்ட கைமாற்று. பணம் வரப்போகிற தேதி ஊருக்கே தெரியும்; கேட்கிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாத தகப்பன்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளிலேயே தேசிய சேமிப்பு வங்கியில் நிலையான வைப்பாக எழுதிவிட்டால், கேட்டு வருகிறவரிடம் “வங்கியில கட்டிப்போட்டாச்சு மச்சான்” என்று உறவு கெடாமல் சொல்ல முடியும். பணம் வருமுன் இன்னொரு தடை: தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். முத்தம்மா, முத்தம்மாள், முத்தாயி மூன்றும் ஒருத்திதான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசிக்கும் பஸ்ஸுக்கும் அலைச்சலுக்கும் மாதங்கள் போகும். ஓய்வுக்குப் பத்து வருடம் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடச் சங்கத் தலைவர்மார் ஒவ்வொருவர் சம்பளத் துண்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும். சந்தா வாங்குகிறவர்களின் கடமை இது.

வேலையில் இருக்கும்போதே வீட்டுக்காகச் சேமலாப நிதியில் ஒரு பகுதியை எடுக்கவும், மீதியைப் பிணையாகக் காட்டி வீடமைப்புக் கடன் பெறவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வீடோ காணியோ தன் பெயரில் காட்ட வேண்டும். லயத்துக் காம்பரா தொழிலாளியுடையது அல்ல. ஓட்டை மாற்றினாலும் முன்பக்கம் ஒரு அறை இழுத்தாலும் அந்தச் செலவு யாருடைய சொத்திலோ போடுகிற செலவு. ஏழு பேர்ச் காணியும் இந்திய உதவியில் தனி வீடுகளும் சில தோட்டங்களுக்கு வந்தன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். சப்ரகமுவைக்குக் கிடைத்த பங்கு சிறிது, வீடு கிடைத்தவர்களிலும் உறுதிப் பத்திரம் கைக்கு வராதவர்கள் உண்டு. நாட்டின் ஆகப் பெரிய ஓய்வூதிய நிதிக்கு மாதா மாதம் காசு கட்டுகிற ஒரு பால்வெட்டுக்காரர் தன் சேமிப்பைத் தன் வீட்டுக்குப் பயன்படுத்த முடியாமல், கூரைத் தகரம் வாங்க வாரத் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வைக்கிறார்.